பேருக்குச் சொந்தக்காரி

ஜோகூர் மாநிலத்து உலு திராம் காலைச் சந்தையில் தேன்மொழி கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்த்தாள். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. மீன் கடைக்காரர் கைபேசியை வாயருகே பிடித்தபடி, இன்றைக்கு மழை வருமா என்று அதனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து ஓர் இளம்பெண்ணின் குரல், மதியத்துக்கு மேல் இடியோடு பெய்யக்கூடும் என்று வெகு பணிவாகச் சொன்னது.

அன்றைக்கு அவளுக்கு அது சிரிப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்து கணவன் வசந்தனிடம் சொன்னாள். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. லங்கித்தெல் என்ற பெரிய தொலைத்தொடர்பு நிறுவனத்துக்காக வீடு வீடாக இணையக் கம்பி இழுத்துக் கொடுக்கும் ஒரு குத்தகைக்காரரிடம்தான் அவன் வேலை பார்த்தான். லங்கித்தெல் தமிழ் வாடிக்கையாளர்களுக்கென்று பேசும் செயலி ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது, கேட்டதற்குப் பதில் சொல்லும், பாட்டுப் போடச் சொன்னால் போடும், அதற்குத் தேன்மொழி என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று வேலையிடத்தில் பேசிக்கொண்டார்களாம். இனிமேல் வீட்டில் கூப்பிட்டால் இரண்டு பேர் வருவார்கள் என்று அவன் கேலி செய்தான். அவளும் சிரித்துவிட்டுக் கத்தரிக்காயை நறுக்க உட்கார்ந்தாள்.

தேன்மொழி பாடகி. தெப்ராவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் பாடத் தொடங்கியவள். பிறகு தானே பாட்டெழுதி மெட்டுப் போட்டாள். ஷிப்ட் பஸ்ஸுக்கு மழையில் காத்து நிற்கும் பெண்களைப் பற்றி ஒன்று. ஏணி இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தராத பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றி ஒன்று. சிகாமட்டில் இருக்கும் காளிதாஸ் கீபோர்டு வாசித்து, ஒலிகளைச் சேர்த்துப் பாட்டாக்கிக் கொடுப்பான். எந்தக் கம்பெனியும் பின்னால் கிடையாது. வீட்டின் பின்னறையில் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெங்கும் கம்பளி மாட்டி, அங்கேயே பாடிப் பதிவுசெய்து அவளே இணையத்தில் ஏற்றுவாள். ஜோகூரில் தமிழ்ச் சனம் இருக்கிற இடத்திலெல்லாம் அவை ஓடின. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் காதில் மாட்டிக்கொண்டு கேட்டார்கள். எந்தப் பாட்டுக்கு என்ன தலைப்பு என்று யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. தேன்மொழி பாட்டு என்றால் போதும், கிடைத்துவிடும். போன வருடம் துணிந்து தொழிற்சாலை வேலையை விட்டாள். அவளிடம் இருந்த ஒரே முதல் அந்தப் பெயர்தான்.

செயலி வந்து சில வாரம் போயிருக்கும். ஸ்கூடாயிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். மகளின் பிறந்தநாளுக்கு ஏணிப் பாட்டைப் போடலாம் என்று தேடினால் எங்கேயும் இல்லையே, எடுத்துவிட்டீர்களா என்று கேட்டாள். தேன்மொழி தன் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். பக்கமே இல்லை. அவள் பெயரைத் தட்டிய இடத்திலெல்லாம் நீல நிறப் பின்னணியில் லங்கித்தெல்லின் புன்னகைக்கும் பெண் படம்தான் வந்து நின்றது.

பாடல்களை இணையத்தில் விநியோகிக்கும் நிறுவனத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. புகார் வந்ததால் பாடல்களை எடுத்துவிட்டோம் என்று இரண்டே வரி. அதற்குக் கீழேயே கோலாலம்பூர் வழக்கறிஞர் நிறுவனம் ஒன்றின் கடிதம், முழுக்க ஆங்கிலத்தில். தொழிற்சாலை ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு வரி வரியாக ஏறி இறங்கிப் படித்தாள். தேன்மொழி என்ற பெயரை ஒலி, பாட்டு, மேடை நிகழ்ச்சி, செயலி எல்லாவற்றுக்குமாக லங்கித்தெல் வர்த்தக முத்திரையாகப் பதிய விண்ணப்பித்திருக்கிறது. அவள் அந்தப் பெயரில் இனிப் பாடக் கூடாது, விளம்பரம் செய்யக் கூடாது. மீறினால் உயர்நீதிமன்றம், நட்டஈடு, வழக்குச் செலவு.

படித்து முடித்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. வயிற்றுக்குள் ஏதோ குளிர்ந்து இறங்கியது. எழுந்து போய் முன்வாசல் இரும்புக் கதவைப் பூட்டினாள். பட்டப்பகலில் ஏன் பூட்டுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்தக் குளிர் அதன்பிறகு போகவே இல்லை. வீடுகள் வரிசையாய் நிற்கும் அந்தத் தாமானுக்குள் தபால்காரரின் மோட்டார் சைக்கிள் வரும் சத்தம் கேட்டால் சமையலறைக்குள் போய் நின்றுகொள்வாள். தொழிற்சாலையில் அவளோடு வேலை செய்த தனலெட்சுமியின் வீட்டுக்கு ஒருமுறை கடன் பாக்கிக்காக நீதிமன்ற ஆட்கள் வந்து குளிர்பெட்டி, தொலைக்காட்சி, சோபா என்று ஒவ்வொன்றிலும் பறிமுதல் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். இப்போது தன் வீட்டுச் சாமான்களையும் அந்த ஆட்களின் கண்ணோடுதான் பார்த்தாள். மைக்கைத் துடைக்கும்போது, இதைத்தான் முதலில் எடுப்பார்கள் என்று தோன்றும். வசந்தனிடம் கடிதத்தைக் காட்டினாள். பெரிய கம்பெனி, எல்லாருக்கும் இப்படித்தான் அனுப்புவார்கள், கொஞ்ச நாளில் மறந்துவிடுவார்கள் என்றான். சொல்லும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கூலாயில் ஒரு கல்யாணம். முன்பே ஒப்புக்கொண்டது. போகாமல் இருக்க முடியவில்லை. அறிவிப்பாளர் மேடையில் ஏறி, "உங்கள் தேன்மொழி!" என்று நீட்டி முழக்கினார். முன்வரிசையில் யாருடைய சட்டைப்பையிலோ இருந்த கைபேசி, "சொல்லுங்க, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றது. மண்டபமே சிரித்தது. தேன்மொழியும் சிரித்தபடிதான் மைக்கைப் பிடித்தாள். அப்போதுதான் பார்த்தாள், எத்தனையோ கைபேசிகள் அவளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தன. இத்தனை வருடமாக அது அவளுக்குச் சந்தோஷம் தந்த காட்சி. அன்றைக்கு ஒவ்வொரு கைபேசியும் ஒரு சாட்சியாகத் தெரிந்தது. இந்தப் பெயரில் இந்த மேடையில் நின்றாள் என்று நாளைக்கு இவற்றில் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினால்? பல்லவியின் இரண்டாம் வரியில் பாட்டு நின்றுபோனது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி எடுத்தாள். குரல் எழவில்லை. ஒரே பாட்டோடு இறங்கி, சாப்பிடாமல்கூட வீட்டுக்குத் திரும்பினாள்.

அதற்கடுத்த வாரம் காளிதாஸ் கூப்பிட்டான். எப்போதும் வாய் ஓயாமல் பேசுகிறவன், அன்றைக்கு வார்த்தை வார்த்தையாக இழுத்தான். சிகாமட் வெள்ளத்தில் பழைய கீபோர்டு போய், இப்போதுதான் புதிதாக ஒன்றைத் தவணையில் எடுத்திருக்கிறேன் என்றான். வீட்டில் அம்மா பயப்படுகிறாள் என்றான். கடைசியில் விஷயத்துக்கு வந்தான். "அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க லா. பாட்டுல என் பேரு எங்க எங்க இருக்கோ, அதெல்லாம் எடுத்துடுங்க." அவள் சரி என்றாள். போனை வைத்த பிறகு பின்னறையில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். அவன்மீது அவளுக்கு வருத்தம்கூட வரவில்லை. அவன் இடத்தில் இருந்தால் தானும் அப்படித்தான் சொல்லியிருப்போம் என்று நினைத்தாள். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

லங்கித்தெல்லின் தமிழ்ப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் கிபாயத்துல்லா என்பவர் அவளைச் சந்திக்க விரும்புவதாகச் செய்தி அனுப்பினார். பெரிய வீதியில் இருந்த ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் சந்தித்தார்கள். ஐம்பது வயதிருக்கும். நல்ல வெள்ளைச் சட்டை. அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, பசியாறிவிட்டீர்களா என்று விசாரித்து, தேநீர் சொன்னார். தன் மனைவி மஹ்மூதா இரண்டு மூன்று வருடமாக அவள் பாட்டைத்தான் வீட்டில் போட்டுக்கொண்டே இருப்பாள் என்றார். மனதாரத்தான் சொன்னார். பிறகு மெதுவாக விஷயத்தை எடுத்தார். பாடல்களை யாரும் அவளிடமிருந்து பறிக்கப்போவதில்லை. வேறு பெயர் வைத்துக்கொண்டால் போதும், எல்லாம் மறுநாளே திரும்பி வந்துவிடும். மின்னஞ்சலில் உடன்படிக்கை ஒன்று வரும். கையெழுத்திட்டு அனுப்பிவிட்டால் வழக்கறிஞர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள்.

யோசித்துச் சொல்கிறேன் என்றாள் தேன்மொழி. அவர் தலையாட்டினார். எழும்போது சொன்னார்:

"நான் சொல்றத பயமுறுத்தறதா எடுத்துக்காதீங்க தங்கச்சி. உங்க வீட்டுக்காரரும் நம்ம ஆளுதானே."

வசந்தனைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. கிளாசைக் கீழே வைக்கும்போது தேநீர் மேசையில் சிந்தியது. அவர் தாளெடுத்துத் துடைத்துவிட்டு, அவளைத் தெருவோரம் நிறுத்தியிருந்த காடி வரைக்கும் கொண்டுவந்து விட்டார்.

இதை வசந்தனிடம் அவள் சொல்லவில்லை. தினமும் கம்பத்தில் ஏறி இறங்குகிற மனிதன். மனதில் இதையும் சுமந்துகொண்டு ஏணியில் நிற்க வேண்டாம் என்று நினைத்தாள். அவனும் அந்நாட்களில் அதிகம் பேசவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வான். களைப்பு என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

தனலெட்சுமிதான் ஒரு வழக்கறிஞரின் எண்ணைக் கொடுத்தாள். ஜோகூர் பாருவில், நாணயமாற்றுக் கடைக்கு மேல்மாடியில் செல்வராணியின் அலுவலகம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கடிதத்தைப் படித்தவர், அடையாள அட்டையைக் கேட்டார். தேன்மொழி த/பெ வேலு என்று இருந்ததைப் பார்த்து, "இது உங்க அப்பா வச்ச பேரா?" என்றார். ஆமாம் என்றாள். "இந்தப் பேர்ல எத்தனை வருஷமா பாடறீங்க?" அதையும் சொன்னாள்.

செல்வராணி விளக்கினார். லங்கித்தெல்லின் விண்ணப்பம் இன்னும் முடிந்துபோகவில்லை. அரசு இதழில் வெளியாகி, ஆட்சேபம் தெரிவிக்க அவகாசம் கொடுக்கிற கட்டத்தில்தான் இருக்கிறது. சொந்தப் பெயரை நேர்மையாகப் பயன்படுத்துகிறவர்களுக்கும், மற்றவர்களுக்கு முன்பே பயன்படுத்தி வந்தவர்களுக்கும் சட்டத்தில் இடம் உண்டு. பழைய சுவரொட்டிகள், வீடியோக்கள், முதல் பாட்டை ஏற்றிய தேதி, எது கிடைத்தாலும் கொண்டுவரச் சொன்னார். கிபாயத்துல்லாவின் பேச்சைத் தேன்மொழி சொல்லிக்கொண்டு வந்தபோது ஓரிடத்தில் செல்வராணியின் பேனா நின்றது.

"அவரு மிஸஸ் எப்பலேர்ந்து உங்க பாட்டக் கேக்கறாங்கன்னு சொன்னாரு?"

"ரெண்டு மூணு வருஷமா."

"அப்ப, பேரு வைக்கும்போதே உங்கள அவருக்குத் தெரியும்."

அதைத் தனியாக எழுதிக்கொண்டார். எது வந்தாலும் தன்னிடம் காட்டாமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். படியிறங்கும்போது தேன்மொழிக்குப் பசித்தது. பல நாளைக்குப் பிறகு பசித்தது. கீழே ஒரு கடையில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

சான்றுகளைத் தேடி எடுப்பதில் சில நாட்கள் ஓடின. ஒரு பிற்பகல் பழைய வீடியோ ஒன்றைத் தேடியபோது, கைபேசியில் அவளுடைய பாட்டு வந்து நின்றது. ஏணிப் பாட்டு. அவள் குரல். நெஞ்சு துள்ளியது. எல்லாப் பாட்டுகளும் திரும்பியிருந்தன. பிறகுதான் பாடகியின் பெயரைப் பார்த்தாள். ‘டி. மொழி’ என்று இருந்தது.

ஏதோ தவறு என்று விநியோக நிறுவனத்துக்கு எழுதினாள். உடனே பதில் வந்தது. தாங்கள் கையெழுத்திட்ட உடன்படிக்கையின்படி பெயரை மாற்றிவிட்டோம், பிரதி இணைக்கப்பட்டுள்ளது. திறந்து பார்த்தாள். தேன்மொழி என்ற பெயரைப் பாட்டுக்கோ மேடைக்கோ பயன்படுத்த மாட்டேன், லங்கித்தெல்லின் விண்ணப்பத்தை எதிர்க்க மாட்டேன் என்று இருந்தது. கீழே அவள் முழுப்பெயர், அடையாள அட்டை எண், மின்கையெழுத்து.

அவளுக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. அவர்களே போட்டுக்கொண்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். கையெழுத்தையே போட முடிகிறவர்கள் வேறு எதைத்தான் செய்ய மாட்டார்கள்? எழுந்து சன்னல் திரையை இழுத்துவிட்டாள். விரல்கள் வழுக்க, செல்வராணியின் எண்ணை அழுத்தினாள்.

செல்வராணி பதறவில்லை. பிரதியை அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, அந்த உடன்படிக்கை அவளுடைய மின்னஞ்சல் வழியாகத்தான் கையெழுத்தாகியிருக்கிறது என்றார். "உங்க ஈமெயிலத் திறக்க வேற யாருக்காச்சும் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது மேடம். என் வீட்டுக்காரருக்கு மட்டும்தான்..."

சொல்லி முடிக்குமுன் தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று அவளுக்கே கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் ஒரே கடவுச்சொல்தான். ஒளிக்க எதுவும் இல்லாததால் அவர்கள் அதை மாற்றியதே இல்லை.

வசந்தன் அன்று மழையில் நனைந்து வந்தான். துண்டை எடுத்துக் கொடுத்தாள். அவன் தலையைத் துவட்டி முடிக்கும்வரை காத்திருந்து, கைபேசியை மேசைமேல் வைத்தாள். திரையைப் பார்த்ததும் துண்டு அவன் கையிலேயே நின்றுவிட்டது. அவன் மறுக்கவில்லை.

மேற்பார்வையாளர் மணியம் அவனைச் சாமான் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாராம். உன் வீட்டுக்காரி பிரச்சினை மேலிடம் வரைக்கும் போயிருக்கிறது, அவர்கள் நினைத்தால் நம் கொந்திராக் ஒப்பந்தத்தையே வெட்டிவிடுவார்கள், அத்தனை குடும்பமும் தெருவில் நிற்கும், நீ ஒருத்தன் பேசினால் முடிகிற காரியம் என்றாராம். அதன்பிறகு தினமும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு நாளும் அதை நினைத்துக்கொண்டேதான் கம்பத்தில் ஏறினேன், உடன்படிக்கை வந்ததும் நீ பார்க்குமுன் திறந்து கையெழுத்து வைத்து அந்த மின்னஞ்சலை அழித்துவிட்டேன் என்றான் வசந்தன். நீ ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுப்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், பாட்டு திரும்பி வந்துவிட்டால் உன் பயமும் போய்விடும் என்று நினைத்தேன் என்றான்.

"பேருதானே தேனு. பாட்டு உன்னோடதுதானே. யாரு கேக்கப் போறா?"

அவள் சத்தம் போடவில்லை.

"அந்தப் பேரு எனக்கு இல்லன்னு எழுதின தாளுல, யாரு பேரப் போட்டு கையெழுத்து வச்சீங்க?"

வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அவள் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இத்தனை நாளும் பயம் கதவுக்கு வெளியே, தபாலிலும் தெருவிலும் இருப்பதாக நம்பிப் பூட்டிப் பூட்டி வைத்திருந்தாள். அது வீட்டுக்குள்ளே அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

அடுத்த முறை பார்த்தபோது செல்வராணி எதையும் மறைக்காமல் சொன்னார். கையெழுத்து தன்னுடையதல்ல என்று தேன்மொழி எழுதிக் கொடுத்தால் அந்த உடன்படிக்கை செல்லாது. ஆனால் பின்னே யாருடையது என்று அவர்கள் கேட்பார்கள். இன்னொருவர் பெயரில் கையெழுத்துப் போட்டதைப் போலீஸ் வரைக்கும் கொண்டுபோக அவர்களால் முடியும். கொண்டுபோவார்களா என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது. பேசாமல் இருந்தால் பெயர் போகும். ஆட்சேப அவகாசமும் முடியப்போகிறது.

தேன்மொழி மடியில் இருந்த பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள். வசந்தனை விலங்கு மாட்டிக் கூட்டிப்போவதுபோல ஒரு காட்சி கண்ணுக்குள் வந்து வந்து போனது. தாமான் ஆட்கள் வேலிக்குப் பின்னால் நின்று பார்ப்பதும் தெரிந்தது. "விட்டுடலாம் மேடம்," என்றாள். செல்வராணி கோப்பை மூடினார்.

வீட்டில் வசந்தன் கேட்டான். அவள் எல்லாவற்றையும் அப்படியே சொன்னாள், போலீஸ் விஷயம் உட்பட. விட்டுவிட்டேன் என்பதையும் சொன்னாள். சொல்லும்போது அவள் குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லை. மறுநாள் வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வழக்கம்போலக் கிளம்பிப் போனான்.

மத்தியானம் செல்வராணியிடமிருந்து போன் வந்தது. வசந்தன் தன் அலுவலகத்தில்தான் இருக்கிறார் என்றார். தானேதான் கையெழுத்துப் போட்டது, மனைவிக்குத் தெரியாது, மணியம் என்னென்ன சொன்னார், எந்தெந்த நாளில் சொன்னார் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்து, சத்தியப் பிரமாண ஆணையர்முன் கையெழுத்திட்டுவிட்டார் என்றார். போலீஸ் கேட்டாலும் இதையே சொல்வேன் என்கிறார், நான் எச்சரித்துப் பார்த்துவிட்டேன் என்றும் சொன்னார்.

தேன்மொழி அடுப்பை அணைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள். அவன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கத்தினாள். இத்தனை நாளில் அவள் கத்தியது அன்றைக்குத்தான். யாரைக் கேட்டுப் போனீர்கள், உள்ளே பிடித்துப் போட்டால் நான் என்ன செய்வேன் என்று அழுதாள்.

"இந்தத் தடவையும் உன்னக் கேக்காமத்தான் செஞ்சிட்டேன்," என்றான் வசந்தன். அவன் முகம் வெளுத்திருந்தது. தண்ணீர்க் குவளையை எடுத்தவன், குடிக்காமல் திரும்ப வைத்தான்.

மணியம் மறுநாளே கூப்பிட்டு, இனி வேலைக்கு வர வேண்டாம் என்றார். ஆட்சேபம் தாக்கலானது. அதன்பின் வந்த வாரங்களில் வெள்ளைக் காடி ஒன்று மெதுவாகத் தெருவுக்குள் நுழைந்தால் இருவரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்துவார்கள். வாசல் மணி அடித்தால் யார் போய்ப் பார்ப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஒருமுறை வாசலில் சீருடையில் ஒருவர் வந்து நின்றார். வசந்தன் சட்டையை மாட்டிக்கொண்டு, அவளிடம் பணப்பையைக் கொடுத்துவிட்டுத்தான் கதவைத் திறந்தான். வந்தவர் கொசு மருந்து அடிக்கும் சுகாதார இலாகா ஊழியர். பூந்தொட்டிகளில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு வசந்தன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அவளும் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

இதற்கிடையில் காளிதாஸ் சொல்லாமல் கொள்ளாமல் சிகாமட்டிலிருந்து ரயிலேறி வந்தான். முதல் பாட்டிலிருந்து எல்லாப் பதிவுகளின் மூலக் கோப்புகளும், தேதியோடு, அவன் கொண்டுவந்த ஒரு சின்ன வன்தட்டில் இருந்தன. வெள்ளம் வந்தபோது கீபோர்டை விட்டுவிட்டு அதைத்தான் தலைமேல் வைத்துக்கொண்டு ஓடினானாம். என் பேர் இருக்கட்டும் அக்கா, எடுக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னான். அவளுக்கு அழுகை வந்தது. அவனுக்குச் சோறு போட்டு, மீன் குழம்பை ஊற்றினாள்.

லங்கித்தெல்லின் வழக்கறிஞர்கள் பேசலாம் என்று செல்வராணியை அழைத்தார்கள். குத்தகைத் தொழிலாளியை மிரட்டி மனைவி பெயரில் கையெழுத்து வாங்கிய கதை நீதிமன்றத்தில் படிக்கப்படுவதை அவர்கள் விரும்பவில்லை. இன்னொரு காரணமும் இருந்தது. இந்தப் பாடகியைப் பற்றி முன்பே தெரியுமா என்று அவர்கள் கிபாயத்துல்லாவைக் கேட்டிருக்கிறார்கள். தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவருக்கு நல்லது. அவர் தெரியும் என்று சொல்லிவிட்டாராம்.

பாட்டு, இசைப்பதிவு, மேடை நிகழ்ச்சி ஆகியவற்றை விண்ணப்பத்திலிருந்து நீக்கிக்கொள்வதாக லங்கித்தெல் ஒப்புக்கொண்டது. செயலிக்கு அந்தப் பெயர் இருக்கும். அதை அவள் எதிர்க்கக் கூடாது. பழைய உடன்படிக்கை செல்லாது. வசந்தன்மீது எந்த நடவடிக்கையும் கிடையாது. நட்டஈடு என்று எதுவும் இல்லை. இன்னும் போராடினால் இன்னும் கிடைக்கலாம், ஆனால் வருடக்கணக்கில் ஆகும் என்றார் செல்வராணி. தேன்மொழி வசந்தனைப் பற்றிய வரியை மட்டும் மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு கையெழுத்திட்டாள். அவள் பெயர் பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியதுபோல் கோணலாக விழுந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் கிபாயத்துல்லா இருந்தார். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லாரும் எழுந்தபோது, மஹ்மூதா சலாம் சொல்லச் சொன்னாள் என்று மட்டும் தணிந்த குரலில் சொல்லிவிட்டு வெளியேறினார். அடுத்த மாதம் அவர் அந்த நிறுவனத்தில் இல்லை என்று கேள்விப்பட்டார்கள்.

பாடல்கள் அவள் பெயரோடு திரும்பின. மெர்சிங்கில் ஒரு கோயில் திருவிழாவில் பாடக் கூப்பிட்டார்கள். போனாள். முதல் பாட்டு முழுக்கக் கைபேசி வெளிச்சங்களைப் பார்க்காமல், தூரத்தில் தெரிந்த படகுத்துறை விளக்கையே பார்த்துப் பாடினாள். இரண்டாவது பாட்டில் தொண்டை கொஞ்சம் இளகியது. பயம் போய்விட்டது என்று அவளால் சொல்ல முடியாது. பயந்துகொண்டே பாட வருகிறது, அவ்வளவுதான்.

வசந்தனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவான். போய்ச் சேர்ந்ததும் செய்தி அனுப்புவான். அதுவரை அவள் கைபேசியைக் கையை விட்டு இறக்க மாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு வேலை அனுமதி தொடர்பாக ஏதோ படிவம் அனுப்ப வேண்டியிருந்தது. அவனுடைய கைபேசியில் இணையம் தகராறு செய்தது. முன்பெல்லாம் மேசைமேல் கிடக்கும் அவள் கைபேசியை அவனே எடுத்துத் திறந்துகொள்வான். அன்றைக்கு எடுத்து அவளிடம் நீட்டினான்.

"கொஞ்சம் தெறந்து குடேன்."

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, திரையைச் சற்றுத் தன் பக்கம் சாய்த்துத் திறந்து கொடுத்தாள். அவன் அவள் கண்ணெதிரே நின்று அனுப்ப வேண்டியதை அனுப்பிவிட்டு உடனே திருப்பித் தந்தான். பிறகு சந்தைக்குப் போகலாமா என்று கேட்டான். போலாம் என்று அவள் பையை எடுத்தாள்.

கடவுச்சொல்லை மாற்றிவிட்டதாக அவள் அவனிடம் சொன்னதில்லை. அவனும் இதுவரை கேட்டதில்லை.